எஸ்.ஜி.யா, எல்.ஜி.யா, ஒற்றைக் குண்டா? செம்பனை நிரையில் காட்டுப்பன்றிக்கு எந்தத் தோட்டா

செம்பனை (எண்ணெய்ப் பனை) மறுநடவு செய்த நிலத்தில் பன்றி இறங்கிவிட்டால் விடிவதற்குள் முப்பது நாற்பது கன்று போய்விடும். அது கன்றைத் தின்று தீர்ப்பதுகூட இல்லை. அடியைக் கிளறிச் சாய்த்து, நடுவில் இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் மென்றுவிட்டு அடுத்த கன்றுக்குப் போகும். காலையில் போய்ப் பார்த்தால் பச்சை மட்டைகள் வாடாமல் அப்படியே மண்ணில் கிடக்கும். ஏதோ பிடுங்கி வைத்தது போல இருக்கும், எடுத்து நட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றும். கையில் எடுத்தால்தான் உள்ளே குருத்து இல்லை என்பது தெரியும்.

மலேசியாவின் பஹாவ் பக்கத்தில் நான்கு ஏக்கர் வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர், அப்படி ஒரு காலையில் பசியாறக்கூட இல்லாமல் என் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணனிடம் லைசென்ஸுடன் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. "மாமா, எஸ்.ஜி. போட்டேன். அடி பட்டுச்சு, ரத்தமும் இருந்துச்சு, ஆனா ஓடிப்போயிடுச்சு. இன்னும் கனமா எல்.ஜி. போடலாமா, இல்லே ஒத்தக் குண்டே போட்டுடலாமா?" என்று கேட்டார். எஸ்.ஜி., எல்.ஜி. இரண்டும் பல ஈய உருண்டைகளை, அதாவது ரவைகளை, அடைத்த தோட்டாக்கள். எல்.ஜி.யில் ரவை பெரிது. ஒற்றைக் குண்டில் ஒரே ஈயத் துண்டுதான்.

இந்தக் கேள்வியை நான் இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பன்றி விழவில்லை என்றால் குண்டு போதவில்லை, கனத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கனம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் உதவும்: பட்ட இடத்தில் ஆழமாக இறங்குவதற்கு. படாத இடத்தில் அதனால் ஒரு பயனும் இல்லை. அந்த அண்ணனிடம் எத்தனை மரம் தள்ளிப் பன்றி நின்றது என்று கேட்டேன். "ஆறு மரம் இருக்கும் மாமா" என்றார். ஆறு மரம் என்றால் ஐம்பது மீட்டருக்கு மேல். பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. இருந்தாலும் ஒவ்வொரு தோட்டாவையும் தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாருடைய நிலமும் ஒரே மாதிரி இல்லை.

சட்டம், சுருக்கமாக

துப்பாக்கிக்கு லைசென்ஸ் போலீஸில், வேட்டைக்கு அனுமதி பெர்ஹிலித்தானில், அதாவது வனவிலங்குத் துறையில். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் மீறாமல்தான் எதுவும் செய்ய வேண்டும். எந்த வகைத் தோட்டா வாங்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்பது உங்கள் அனுமதியைப் பொறுத்தது. ஒற்றைக் குண்டு வாங்கும் எண்ணம் இருந்தால் கடைக்குப் போகும் முன் போலீஸ் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். வீட்டில் தோட்டாவைப் பிரித்து உள்ளே வேறு ரவை போடுவது, மெழுகு ஊற்றிக் கட்டியாக்குவது போன்ற பழைய காலத்து வேலைகளை விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அதோடு அப்படிச் செய்த தோட்டா குழலுக்குள் என்ன அழுத்தம் கொடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பிச் சுருக்கு வைப்பதும் 2010 சட்டப்படி கூடாது.

எதை வைத்து முடிவு செய்வது

*தூரம்.* செம்பனை நிரையில் தூரம் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். நம் பக்கத்தில் பெரும்பாலும் முக்கோண நடவு, மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர், ஹெக்டேருக்கு 140 சொச்சம் மரம். நிரை வழியே பார்த்து மரத்தை எண்ணினால் போதும். இரண்டு மரம் 18 மீட்டர், மூன்று மரம் 27, நான்கு மரம் 36. அந்தி வெளிச்சத்தில் மட்டை நிழலில் நிற்கும் கறுப்புப் பன்றி, இருக்கும் தூரத்தைவிடக் கிட்டே நிற்பது போலத் தெரியும். கண்ணை நம்பாமல் மரத்தை எண்ணுங்கள்.

*பின்னால் என்ன இருக்கிறது.* எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. நம் நிலங்கள் காட்டுக்குள் இல்லை. ஒரு பக்கம் லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை), ஒரு பக்கம் கம்பம் (மலாய்க் கிராமம்), நடுவில் மோட்டார் சைக்கிள் போகும் செம்மண் சாலை, அதிகாலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போகிறவர்கள், உதிர்ந்த செம்பனைப் பழமான உதிரியைப் பொறுக்குகிறவர்கள். பன்றி என்று நினைத்து மனிதனைச் சுட்ட செய்தி நம் நாட்டில் புதிது இல்லை. உருண்டை ரவை அதிகபட்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: ரவையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து 2200ஆல் பெருக்கினால் கஜக் கணக்கில் தூரம் வரும். எஸ்.ஜி. ரவை 0.33 அங்குலம். பெருக்கிப் பாருங்கள், 726 கஜம், அதாவது 660 மீட்டர். ரவை பெரிதாகப் பெரிதாக இந்தத் தூரமும் கூடும். கனம் கேட்பவர்கள் யோசிக்க மறக்கும் கணக்கு இது.

*எவ்வளவு ஆழம் வேண்டும்.* பன்றியின் இதயம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வாக, முன்னங்காலை ஒட்டி இருக்கிறது. நுரையீரலையும் சேர்த்தால் அடிக்க வேண்டிய இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான். பெட்டை, இளம் பன்றி என்றால் ரவை சுலபமாக உள்ளே போகும். வயதான கடுவனுக்குத் தோள்பட்டை மேல் குருத்தெலும்பு போலக் கெட்டியான தோல் கவசம் வளர்ந்திருக்கும். கடுவன்கள் கொம்புப் பல்லால் ஒன்றையொன்று அங்கேதான் குத்திக்கொள்ளும். அந்தக் கவசத்தில் சின்ன ரவை சிக்கி நின்றுவிடும். தோலை உரிக்கும்போது அதை நான் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். டயர் ரப்பர் போல இருக்கிறது. கத்திக்கே அழுத்தம் கொடுக்க வேண்டும்.

*உங்கள் துப்பாக்கி எது.* வழக்கமான இரட்டைக்குழலில் ஒரு குழலின் வாய் சற்றுத் திறந்து இருக்கும், இன்னொன்றின் வாய் குறுகி இருக்கும். இந்தச் சோக் அளவு எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. இன்னொன்று, துரைமார் காலத்து ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ.தான். இன்றைய கனமான தோட்டாக்கள் 70 மி.மீ., சில 76 மி.மீ. பெட்டியில் எழுதியிருப்பது சுட்டு வாய் விரிந்த பிறகான நீளம். மடிப்போடு இருக்கும்போது தோட்டா குட்டையாக இருப்பதால் 70 மி.மீ. தோட்டாவும் 65 மி.மீ. அறைக்குள் தடையில்லாமல் போய் உட்கார்ந்துவிடும். சுட்டதும் மடிப்பு விரிய இடம் இல்லாமல் குழலின் குறுகலில் போய் முட்டும், அழுத்தம் ஏறும். 'உள்ளே போகுதே, அப்போ பொருந்துது' என்று நினைக்காதீர்கள். குழலின் அடியில் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். அழிந்திருந்தால் துப்பாக்கிக் கடையில் கொடுத்து அளந்து கொள்ளுங்கள்.

செலவைத் தனியாக எழுதப் போவதில்லை, ஒவ்வொன்றோடும் சேர்த்தே சொல்கிறேன்.

பி.பி., ஏ.ஏ.ஏ.

இவை சின்ன ரவைத் தோட்டாக்கள், பன்றிக்கு வேண்டாம். பி.பி. ரவை ஒரு அவுன்ஸுக்கு 70, ஏ.ஏ.ஏ. 35. ஏ.ஏ.ஏ. ஒன்றின் எடை ஒரு கிராம்கூட இல்லை. இங்கிலாந்தில் 1991 மான் சட்டம், பயிரை அழிக்கும் மானைச் சுட ஏ.ஏ.ஏ.வைக் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கிறது. ஆனால் மானின் விலா வேறு, பன்றியின் தோள் வேறு. குரங்குக்கு வாங்கி மிஞ்சியது என்று பன்றி மேல் போட்டால் அது காயத்தோடு போய் எங்கோ அழுகிச் சாகும்.

எஸ்.ஜி.: ஒன்பது ரவை

சாதாரணத் தோட்டாவில் ஒன்பது ரவை, ஒவ்வொன்றும் 8.4 மி.மீ., மூன்றரை கிராம். குழலை விட்டு வெளியேறும்போது வேகம் வினாடிக்கு 400 மீட்டர் அளவில் இருக்கும். பெட்டியில் எஸ்.ஜி. என்று போட்டிருந்தாலும் நாட்டுக்கு நாடு அளவு மாறும், அதனால் எழுத்தை விட்டுவிட்டு மி.மீ. கணக்கைப் பாருங்கள்.

விரிவுக்குத் தோராயக் கணக்கு: சோக் இல்லாத குழலில் ஒரு கஜத்துக்கு ஒரு அங்குலம். இரண்டு மரத்தில் அரை மீட்டர் வட்டம், மூன்று மரத்தில் முக்கால் மீட்டர், நான்கு மரத்தில் ஒரு மீட்டர். ஒரு மீட்டர் வட்டத்தில் ஒன்பது ரவையைத் தூவினால் சாப்பாட்டுத் தட்டளவு இடத்தில் ஒன்று விழுந்தாலே அதிர்ஷ்டம். மீதி வயிற்றிலும் தொடையிலும் படும், அல்லது பன்றியைத் தாண்டிப் போகும்.

தாளில் பார்க்காமல் இதை நம்ப மாட்டீர்கள். அனுமதி உள்ள சுடுதளத்தில் மாட்டுத்தீவனச் சாக்கைப் பிரித்து, பன்றி உருவத்தைக் கரியால் வரைந்து, இதய இடத்தில் சாப்பாட்டுத் தட்டை வைத்து வட்டம் போட்டு நான் சுட்டுப் பார்த்தேன். என் வலது குழலில் இரண்டு மரத் தூரத்துக்கு ஒன்பதும் உருவத்துக்குள் இருந்தன, ஐந்து தட்டுக்குள். மூன்று மரத்தில் தட்டுக்குள் மூன்று. நான்கு மரத்தில் தட்டுக்குள் ஒன்று, உருவத்துக்குள் ஐந்து, நான்கு வெளியே. அந்தச் சாக்கு இன்னும் என் வீட்டு ஸ்டோரில் மடித்துக் கிடக்கிறது. யார் வந்து கேட்டாலும் அதைத்தான் முதலில் விரித்துக் காட்டுகிறேன். விரலை நான்காவது மரத்து ஓட்டையில் வைத்துவிட்டு, மீதி நான்கு எங்கே போயின என்று கேட்பேன்.

எஸ்.ஜி. எங்கே நல்லது? மூன்று மரத்துக்குள், நின்றோ நடந்தோ போகும் பன்றிக்கு, பக்கவாட்டில் காட்டும்போது. நாய் வைத்துக் கிளப்பும்போதும் பன்றி பத்து பதினைந்து மீட்டரில்தான் பாய்ந்து வரும், அங்கேயும் சரி. ஆனால் நாய் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் விரல் போக வேண்டும். ஒன்பது ரவைக்கு நாயும் பன்றியும் ஒன்றுதான்.

இதில் தெரியாமல் போகும் செலவு இறைச்சி. வயிற்றில் ஒரு ரவை போனாலும் குடல் கிழிந்து உள்ளே கெட்டுவிடும். ஈயத் துண்டுகள் சதையில் சிதறியிருக்கும். காயத்தைச் சுற்றி ஒரு கைப்பிடி அகலத்துக்கு வெட்டி எறிந்துவிட வேண்டும்.

என் பெரிய தவறும் எஸ்.ஜி.யோடுதான் நடந்தது. ஐந்து மரத்தில் நின்ற கடுவன். அவசரப்பட்டேன். அடி பட்ட சத்தம் கேட்டது, பன்றி ஒரு முறை முனகிவிட்டு மட்டை அடுக்குக்குப் பின்னால் போய்விட்டது. இருட்டும் வரை தேடினேன். மூன்றாம் நாள் எல்லை வாய்க்காலில் நாற்றம் வந்த பிறகுதான் கிடைத்தது. பின் தொடையில் இரண்டு, வயிற்றில் ஒன்று. அது மூன்று நாளில் எந்த நாள் செத்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு மூன்றாவது மரத்துக்கு அப்பால் ரவைத் தோட்டாவோடு நான் துப்பாக்கியைத் தூக்கியதே இல்லை.

எல்.ஜி.: கொஞ்சம் பெரிது, எண்ணிக்கை குறைவு

ஒன்று 9.1 மி.மீ., நாலரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. தோட்டாவுக்குத் தோட்டா மாறும், ஆறு முதல் எட்டு ரவை இருக்கும். எஸ்.ஜி.யைவிட ஒவ்வொன்றும் கால் பங்குக்கு மேல் கனம் கூடுதல், அதனால் கவசத் தோளில் கொஞ்சம் ஆழமாக இறங்கும். இதுதான் ஆதாயம், இது உண்மையான ஆதாயம்தான்.

ஆனால் கனம் கூடினால் எண்ணிக்கை குறையும். தோட்டாவுக்குள் இருக்கும் ஈயம் ஏறக்குறைய அதேதான், அதைப் பெரிய துண்டுகளாகப் பங்கு போட்டிருக்கிறார்கள். நான்கு மரத்தில் எஸ்.ஜி.யின் ஒன்பதிலேயே ஒன்றுதான் தட்டில் விழுந்தது என்றால் ஆறில் எத்தனை விழும்? அடி பட்டும் ஓடிப்போனது என்று எல்.ஜி.க்கு மாறுகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை ஆழம் இல்லை, தூரம். அவர்களுக்கு எல்.ஜி. நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

சோக் விஷயமும் இருக்கிறது. குறுகிய வாயில் பெரிய ரவைகள் ஒன்றையொன்று நெருக்கி நசுங்கும், நசுங்கிய ரவை நேராகப் போகாது. என் இடது குழல் முழுச் சோக். அதில் எல்.ஜி. போட்ட சாக்கில் ஓட்டைகள் ஒரு ஒழுங்கும் இல்லாமல் இருந்தன. திறந்த வாய்க் குழலில் அதே பெட்டித் தோட்டா நன்றாகவே விழுந்தது. இன்னொருவர் துப்பாக்கியில் இது தலைகீழாக இருக்கலாம். எல்.ஜி. வாங்குவதானால் நான்கைந்து தோட்டாவைத் தாளுக்கு என்று ஒதுக்கிவிட வேண்டும். தோட்டா விலையும், உங்களுக்கு அனுமதித்த எண்ணிக்கையும் அதில் கரையும். அதுதான் இதன் மறைந்த செலவு.

பெரிய கடுவன் மட்டும் வருகிறது, இரண்டு மூன்று மரத்துக்குள் உட்கார இடம் இருக்கிறது, உங்கள் குழல் இதை நன்றாகப் போடுகிறது என்றால் மட்டுமே எல்.ஜி. மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் எஸ்.ஜி.யே மேல்.

ஒற்றைக் குண்டு

கனம் என்று பார்த்தால் இதுதான் கனம். 28 முதல் 32 கிராம் வரை ஒரே துண்டு ஈயம், வினாடிக்கு 480 மீட்டர் வரை வேகம். எஸ்.ஜி. ரவை ஒன்றைவிட எட்டு ஒன்பது மடங்கு எடை. கவசத் தோளா, எலும்பா என்று இது கேட்பதில்லை. 1898இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் பிரென்னெக்கே செய்த வகையில் குண்டின் பின்னால் கம்பளி அடைப்பு ஒட்டியே இருக்கும், இறகுப்பந்தின் இறகு போல அது குண்டை நேராக வைக்கும். 1931இல் அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர் செய்த வகை பின்புறம் குடைவானது, கனம் முன்னால் இருப்பதால் நேராகப் போகும். மேலே இருக்கும் சாய்வு வரிகள் குண்டைச் சுழற்றத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றின் முக்கிய வேலை சோக்கில் நெருங்கும்போது ஈயத்துக்கு ஒடுங்க இடம் கொடுப்பது. இருந்தாலும் ஒற்றைக் குண்டைத் திறந்த வாய்க் குழலில் போடுவதே நல்லது.

ஜெர்மனியின் வேட்டைச் சட்டம் பன்றி, மான் போன்ற குளம்புள்ள விலங்குகள் மேல் ரவைத் தோட்டாவைத் தடை செய்துவிட்டு ஒற்றைக் குண்டை அனுமதிக்கிறது. ரவை காயப்படுத்தித் தப்பவிடும் என்பதுதான் காரணம். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஒரே குண்டு என்பதால் அது எங்கே போகும் என்று சுடுகிறவனுக்குத் தெரியும், தட்டளவு இடத்தில் பட்டால் பன்றி அங்கேயே உட்கார்ந்துவிடும். ஐந்து மரம் வரை பயிற்சி உள்ளவர் நம்பிச் சுடலாம்.

பயிற்சி உள்ளவர் என்று ஏன் சொன்னேன் என்றால், நம் இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் முனையில் ஒரு பித்தளை மணி மட்டும்தான் குறி. பறவையை அடிக்க அது போதும். ஒற்றைக் குண்டுக்குப் பின் குறியும் வேண்டும், இல்லையென்றால் தலையை ஒரு விரல் அளவு தூக்கினாலே குண்டு பன்றியின் முதுகுக்கு மேலே போய்விடும். இரண்டு குழலும் ஒரே இடத்தில் போடுவதும் இல்லை. ஒரு குழலை மட்டும் இதற்கென்று வைத்து, அது எங்கே போடுகிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். சுடும்போது துப்பாக்கி தோளில் இடிப்பதும் பலம். இரண்டு தடவை வாங்கிய பிறகு மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

எல்லாவற்றையும்விட, தவறிய குண்டு. அது ஒரு கிலோமீட்டரை எட்டக்கூடியது. செம்மண் கல் சாலையில் தாழ்வாகப் பட்டால் எகிறித் திசை மாறும். எங்கள் பக்கத்துச் சமநிலத்தில், நிரை நேராகப் போய் லயத்துச் சமையல்கட்டில் முடியும் இடத்தில், ஒற்றைக் குண்டை நான் எடுக்க மாட்டேன். வேறு யாரும் எடுத்தால் அந்த இடத்தில் நிற்கவும் மாட்டேன்.

ஆனால் பரண் கட்டினால் கணக்கு மாறிவிடும். ஓர் ஆள் உயரத்துக்கு மேல் பரண், கன்றுகளுக்கு நடுவே பன்றி வரும் தடம் இரண்டு மூன்று மரத் தூரத்தில் இருந்தால், குண்டு மேலிருந்து கீழே போய் மண்ணில் புதையும். பூமியே பின்சுவர். கல் இல்லாத ஈர மண்ணாக இருப்பதைப் பகலில் இறங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சரிவு நிலத்தில் எதிர் மேட்டைப் பார்த்து உட்கார்ந்தாலும் அதே பாதுகாப்பு.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | எஸ்.ஜி. | எல்.ஜி. | ஒற்றைக் குண்டு |
|---|---|---|---|
| ஒன்றின் எடை | 3.5 கிராம் | 4.4 கிராம் | 28–32 கிராம் |
| தோட்டாவில் எத்தனை | 9 | 6–8 | 1 |
| நான் நம்பும் தூரம் | 3 மரம் | 3 மரம், தாளில் பார்த்த பிறகு | 5 மரம், பின் குறி இருந்தால் |
| தவறியது போகும் தூரம் | 660 மீ. வரை | 720 மீ. வரை | 1 கி.மீ. அளவில் |
| கடுவன் தோள் | சந்தேகம் | பரவாயில்லை | கவலை இல்லை |
| நாய் உள்ள இடம் | கவனம் | கவனம் | நல்லது, பின்னால் மண் இருந்தால் |
| சமநிலம், வீடு பக்கம் | கிட்டத்தில் மட்டும் | கிட்டத்தில் மட்டும் | பரண் இல்லாமல் கூடாது |
| இறைச்சி நஷ்டம் | அதிகம் | நடுத்தரம் | ஒரு இடத்தில் மட்டும் |

அட்டவணையில் அடங்காதது, அடி பட்டும் விழாத பன்றி. எந்தத் தோட்டாவாக இருந்தாலும் உடனே பின்னால் ஓடாதீர்கள். அரை மணி நேரம் உட்காருங்கள். பிறகு இரண்டு பேராகப் போய், பன்றி நின்ற இடத்தில் ரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் நுரையீரல், அருகில்தான் கிடக்கும். அடர்ந்த கருஞ்சிவப்பு என்றால் ஈரலாக இருக்கலாம். பச்சையும் நாற்றமும் கலந்திருந்தால் குடல், இன்னும் நேரம் கொடுக்க வேண்டும். மட்டை அடுக்குக்குள் நுழைந்த காயப்பட்ட கடுவனைத் தனியாகத் தேடப் போவது வேண்டவே வேண்டாம்.

அக்கா மகன் கேட்ட ரைபிள் கேள்வி

இதே கேள்வி வேறு உருவத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. என் அக்கா மகன் குவீன்ஸ்லாந்தில் கரும்பு விளையும் ஊர் ஒன்றில் இருக்கிறான். அங்கே காட்டுப்பன்றி கரும்பை அழிக்கிறது. அவனிடம் முறையான லைசென்ஸுடன் .308 ரைபிள் இருக்கிறது, அங்கே சட்டப்படி தோட்டாவை வீட்டிலேயே கட்டிக்கொள்கிறார்கள். "மாமா, 150 கிரெய்ன் போடுறேன், 180க்கு மாறலாமா?" என்று கேட்டான். இங்கே நாம் அந்த வேலையைத் தொடவே கூடாது. ஆனால் நம் பிள்ளைகள் பலர் அங்கே இருப்பதால் அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

150 கிரெய்ன் என்பது 9.7 கிராம், தோட்டாக் கம்பெனிகள் போடும் வேகம் வினாடிக்கு 860 மீட்டர் அளவில். 180 கிரெய்ன் 11.7 கிராம், 800 மீட்டர் அளவில். சக்தியைக் கணக்குப் போட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. குறுக்களவு மாறாமல் எடை கூடுவதால் குண்டு நீளமாகும், அதனால் சதைக்குள் ஆழமாகப் போகும். கடுவன் சாய்வாக நின்று தோள் வழியாக மார்புக்குப் போக வேண்டியிருந்தால் அது பெரிய உதவி. திறந்த வயலில் பக்கவாட்டில் நிற்கும் பன்றிக்கு 150ஏ தாராளம், இடியும் குறைவு. இரண்டுக்கும் நடுவே 165 இருக்கிறது. எனக்கு அவனுடைய இடத்தில் அதுதான் பிடிக்கும்.

கட்டுகிறவருக்கு இதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. ரைபிளின் மேகசின் நீளம் மாறாது, அதனால் நீளமான குண்டு வெளியே நீள முடியாமல் தோட்டாக் கூட்டின் உள்ளே இறங்கி உட்காரும். வெடிமருந்துக்கு இருந்த இடம் குறையும், தள்ள வேண்டிய எடையும் கூடும். 150க்குப் போட்ட அதே மருந்தளவை 180க்குப் போட்டால் அழுத்தம் எல்லை மீறிவிடும். அந்தக் குண்டுக்கு, அந்த மருந்துக்கு அச்சிட்ட கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற வேண்டும். நண்பர் சொன்ன அளவு, நினைவில் இருக்கும் அளவு எதுவும் வேண்டாம். நீளமான குண்டு நேராகப் போகக் குழலின் உள்ளே குண்டைச் சுழற்றும் வரிகளின் முறுக்கும் அதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும். குண்டை மாற்றினால் குறியையும் புதிதாகச் சரி செய்ய வேண்டும், அதற்கு ஒரு பெட்டி போகும். இவ்வளவும் சொன்ன பிறகு எத்தனை மீட்டரில் சுடுகிறாய் என்று கேட்டேன். "எண்பது, தொண்ணூறு" என்றான். அந்தத் தூரத்தில் 150க்கும் 180க்கும் விழுகிற இடத்தில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை. குண்டை மாற்ற வேண்டாம், அந்தப் பெட்டியைத் தாளில் சுட்டுப் பழகு என்றேன்.

அண்ணன் தம்பி நிலத்துக்கு

அவர்கள் நிலத்தைப் போய்ப் பார்த்தேன். மேற்கே பெல்டா (அரசு நிலக் குடியேற்றத் திட்டம்) நிலத்துச் சாலை, கிழக்கே வாய்க்கால், அதற்கு அப்பால் பாசோ பக்கம் போகும் காடு. அந்தப் பாசோ காட்டில் ஆராய்ச்சி செய்தவர்கள் 1996இல் சதுரக் கிலோமீட்டருக்கு 47 பன்றி, 1998இல் 27 என்று கணக்கிட்டார்கள். சுற்றிலும் செம்பனை உதிரி கிடைப்பதை அவ்வளவு பெருகியதற்கு ஒரு காரணமாகச் சொன்னார்கள். அதனால் இரண்டு மூன்று பன்றியைச் சுட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு வயது வரை கன்றைச் சுற்றிக் கம்பி வலை போடத்தான் வேண்டும். துப்பாக்கி அதற்குத் துணை.

சாலைப் பக்கம் பார்த்துச் சுடவே கூடாது என்று மேற்கு எல்லையில் இரண்டு மரத்துக்குச் சிவப்பு நாடா கட்டினோம். பன்றி வாய்க்காலில் ஏறி வரும் தடம் சேற்றில் தெளிவாக இருந்தது, பிளந்த குளம்பின் பின்னால் இரண்டு சின்னப் புள்ளிகளோடு. பெரிய தடமும் அதன் கூடவே குட்டித் தடங்களும்தான், கடுவன் தடம் இல்லை. தடத்திலிருந்து இரண்டரை மரம் தள்ளிப் பரணுக்கு இடம் பார்த்தோம், காடும் வாய்க்கால் கரையும் எதிரே வரும்படி. கடுவன் இல்லாததால் எல்.ஜி.க்கு வேலை இல்லை. அவர் துப்பாக்கியில் பின் குறி இல்லாததால் ஒற்றைக் குண்டும் இல்லை. கையில் இருந்த எஸ்.ஜி.யே போதும் என்று முடிவு செய்தோம். குட்டிகளோடு வரும் தாயைச் சுடுவதா என்று தம்பி கேட்டார். குட்டி தனியாகத் திரியும் வரை அதை விட்டுவிடுவோம், அதுவரை வலை தாங்கட்டும் என்று அண்ணனே சொல்லிவிட்டார்.

குழலின் அடியில் பொறித்திருந்ததைத் துடைத்துப் பார்த்தேன். 65. வீட்டில் இருந்த பெட்டியில் 70 என்று போட்டிருந்தது. அந்தப் பெட்டியைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்க அண்ணன் மறுநாள் டவுனுக்குப் போயிருக்கிறார். தம்பி பரணுக்குப் பலகை அறுத்துக்கொண்டிருக்கிறார்.